காயலான் கடையில் கிடைத்த முருகன் படம்: கைவேலையா, அச்சா?

பேட்டைக்காரன்:
பாளையங்கோட்டையில் ஒரு காயலான் கடையில், தேக்குச் சட்டத்துக்காக ஒரு பழைய முருகன் படம் வாங்கினேன். கண்ணாடியைக் கழற்றினால் கீழ்மூலையில் ஓவியர் கொண்டைய ராஜு கையெழுத்து! வேலின் நுனியில் உள்ள தங்க நிறம், விரலால் தடவிப் பார்த்தால் மேடாகத் தெரிகிறது. கையால் வரைந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது அண்ணாச்சி?

தாமிரபரணி:
லென்ஸ் வைத்து முகத்தைப் பாருங்கள். ஆஃப்செட் அச்சு என்றால் நிறம் பொடிப்பொடிப் புள்ளியாகப் பிரியும். கையெழுத்தை நம்ப வேண்டாம், படத்தோடு சேர்ந்து அதுவும் அச்சாகியிருக்கும். மேடு தட்டுவதும் போதாது, அச்சுப் படத்தின் மேலேயே பெயிண்ட், ஜிகினா வைத்து அலங்கரிப்பது உண்டு.

கரிசல்:
அச்சாக இருந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கொண்டைய ராஜு (1898-1976) நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுத வந்து நம்ம கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டவர், அவரும் சீடர்களும் வரைந்ததை சிவகாசி அச்சகங்கள் காலண்டராக ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தன, நம் வீட்டுப் பூஜையறைச் சாமி முகமெல்லாம் பாதி அவர்கள் கொடுத்ததுதான். ஓரம் வெட்டப்படாமல் அச்சகத்தின் பெயர் இருக்கிறதா? சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

பேட்டைக்காரன்:
பார்த்தேன், முகம் முழுக்கப் புள்ளி. அச்சுதான். ஆனால் ஓரத்தைச் சட்டத்துக்குள் மடித்திருக்கிறார்கள், உள்ளே சிவகாசி என்று தெளிவாக இருக்கிறது! விற்கப்போவதில்லை.

தாமிரபரணி:
அருமை. மடிப்பை இழுத்து நிமிர்த்தாதீர்கள், தாள் ஒடிந்துவிடும். ஈரத்துணி, லேமினேஷன் இரண்டும் கூடாது. வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.