மூன்றாவது கார்டு எங்கே உட்காரும்? மதர்போர்டு வாங்கும் முன் நான் பார்க்கத் தவறியவை

ரெண்டரிங் (முப்பரிமாண மாதிரியைக் கணினி படமாக உருவாக்கும் வேலை) மெஷினுக்கு மதர்போர்டு தேர்ந்தெடுத்த அனுபவங்களை இங்கே பலர் எழுதி வருவதால் என்னுடையதையும் எழுதுகிறேன். நாங்கள் சென்னையில் மூன்று பேர் சேர்ந்து, கட்டடங்களுக்கான படங்களும் வாக்த்ரூ வீடியோக்களும் செய்கிறோம். 2019 கடைசியில் ரெண்டரிங்குக்கென்றே தனியாக ஒரு மெஷின் போட்டோம். ரைசன் 3900எக்ஸ் பிராசசர், எக்ஸ்570 சிப்செட் (மற்ற பாகங்களைப் பிராசசரோடு இணைக்கும் சிப்) போட்ட ஒரு போர்டு, இரண்டு ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ கிராபிக்ஸ் கார்டு. அடுத்த வருடம் மூன்றாவது கார்டு சேர்ப்பது என்று அப்போதே முடிவு. போர்டில் கார்டு மாட்டும் நீளமான ஸ்லாட் மூன்று இருந்தன. எண்ணிப் பார்த்தேன், வாங்கிவிட்டேன். அப்படி எண்ணி மட்டும் வாங்கியதுதான் தப்பு.

அந்த பிராசசரில் மொத்தம் 24 லேன், அதாவது தரவு போய் வரும் பாதைகள். கார்டுகளுக்கு 16, எம்.2 டிரைவுக்கு (போர்டிலேயே நேராகச் செருகும் மெல்லிய சேமிப்பு டிரைவ்) 4, சிப்செட்டுக்குப் போகும் வழிக்கு 4. இரண்டு கார்டு போட்டால் பதினாறும் எட்டு எட்டாகப் பிரியும். மூன்றாவது ஸ்லாட் பார்க்க மற்ற இரண்டைப் போலவே இருந்தாலும் உள்ளே நாலு லேன்தான், அதுவும் சிப்செட் வழியாக. இரண்டாவது எம்.2, ஹார்டு டிஸ்க், பெரும்பாலான யுஎஸ்பி போர்ட்டுகள், நெட்வொர்க் எல்லாமே அதே வழியில்தான் போகின்றன. இது மேனுவலில் தெளிவாகவே அச்சாகியிருந்தது. நான் படித்தது மெஷின் போட்ட பிறகு.

நாலு லேனில் கார்டு பாதி வேகத்தில்தான் ஓடும் என்று பயந்துகொண்டே இருந்தேன். கடைசியில் பார்த்தால் அது பிரச்சினையே இல்லை. ரெண்டர் தொடங்கும்போது சீன், அதாவது படமாக்க வேண்டிய முப்பரிமாணக் காட்சி, முழுவதும் கார்டின் மெமரிக்குப் போகிறது. அதற்குப் பிறகு கார்டு தன் மெமரியிலிருந்தே எடுத்து வேலை செய்கிறது. மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸில் (இந்த ஸ்லாட்டுகளின் இணைப்பு முறை) நாலு லேன் என்றால் நொடிக்குச் சுமார் 4 ஜிபி போகும். 2080 டிஐயின் 11 ஜிபியை முழுசாக நிரப்பினாலும் மூன்று நொடிதான் கூடுதல். ஒரு ஃப்ரேம் (வீடியோவின் ஒரு படம்) ஒன்பது நிமிடம் ஓடும் இடத்தில் மூன்று நொடி ஒரு பொருட்டே இல்லை. சீன் கார்டு மெமரிக்குள் அடங்காமல் ராமுக்கு வழிந்தால் மட்டும் கதை வேறு. அப்போது டெக்ஸ்சர்களை (பரப்புகளின் மேல் ஒட்டும் படங்கள்) விடாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், லேன் குறைவு நன்றாகவே தெரியும்.

எங்களை உண்மையில் படுத்தியது ஸ்லாட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. ஒரு ஸ்லாட் இடம் என்பது 20.32 மில்லிமீட்டர். எங்கள் போர்டில் முதல் ஸ்லாட்டுக்கும் இரண்டாவதுக்கும் மூன்று இடம், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இரண்டே இடம். நான் வாங்கிய கார்டுகளோ மூன்று ஃபேன் வைத்தவை, தடிமன் 2.7 இடம். இரண்டு கார்டும் மாட்டியபோது நடுவில் மிச்சமிருந்தது 6 மில்லிமீட்டர். மேல் கார்டு காற்று இழுக்க வேண்டியது அந்தச் சந்து வழியாகத்தான். கீழ்க் கார்டு கக்கும் வெப்பமும் அங்கேயே போய் நின்றது. மே மாதம், ராத்திரி ஏசியை அணைத்துவிட்டு ரெண்டர் போட்டுப் போனால், காலையில் பதிவில் மேல் கார்டு 86 டிகிரியைத் தொட்டு, கடிகார வேகத்தைக் குறைத்துக்கொண்டு, விடிய விடிய அப்படியே ஓடியிருக்கும். மூன்றாவது கார்டை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் இருந்த இரண்டையும் மாற்றி, மூன்று கார்டும் ப்ளோயர் வகையாகவே போட்டோம். ஒற்றை ஃபேனில் காற்றை இழுத்துப் பின்பக்கமாக வெளியே தள்ளும் வகை, சரியாக இரண்டு இடத் தடிமன். சத்தம் அதிகம், ஆனால் ஒட்டி ஒட்டி வைத்தாலும் மூச்சு முட்டாது. அதோடு முடியும் என்று பார்த்தால் இன்னொரு தடை. மூன்றாவது ஸ்லாட் போர்டின் ஏழாவது இடத்தில், அதாவது கடைசியில் இருந்தது. இரண்டு இடத் தடிமனுள்ள கார்டு அங்கே உட்கார்ந்தால் எட்டாவது இடத்துக்குள் நீளும். எங்கள் கேபினட்டின் பின்பக்கம் இருந்தது ஏழு திறப்புதான். கேபினட்டையும் மாற்றினோம். போர்டின் கீழ் விளிம்பில் நிமிர்ந்து நிற்கும் பவர் பட்டன் பின்களும் யுஎஸ்பி பின்களும் கார்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டன. வயர்களை மடித்துத் திணித்துச் சமாளித்தேன். இன்று எந்தப் போர்டின் படத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது அந்தக் கீழ் விளிம்புக்குத்தான்.

மூன்றும் ஓடத் தொடங்கியதும் ஒன்பது நிமிட ஃப்ரேம் ஆறே கால் நிமிடத்துக்கு வந்தது. அந்த மெஷினில் இரண்டு வருடம் நல்ல வேலை பார்த்தோம்.

2022இல் நாலு கார்டுக்கு மாறியபோது மேனுவலில் இருந்துதான் ஆரம்பித்தேன். எடுத்தது டபிள்யூஆர்எக்ஸ்80 சிப்செட் போர்டு, ஏழு ஸ்லாட்டும் பதினாறு லேன், பிராசசரில் மட்டும் 128 லேன். நாலு ஆர்டிஎக்ஸ் ஏ5000, ஒவ்வொன்றும் 24 ஜிபி, 230 வாட், இரண்டு இடத் தடிமன். பிராசசரில் கை வைத்துத்தான் காசு மிச்சம் பிடித்தோம். த்ரெட்ரிப்பர் ப்ரோ வரிசையில் 16 கோர் உள்ள 3955டபிள்யூஎக்ஸுக்கும் 64 கோர் உள்ளதற்கும் லேன் எண்ணிக்கை ஒன்றேதான். வேலை செய்யப்போவது கார்டுகள் என்றால் கோருக்குக் கொட்டும் பணம் வீண்.

இரண்டு கார்டோடு நிறுத்திக்கொள்பவருக்கு இவ்வளவு பெரிய போர்டு வேண்டாம். எட்டு எட்டாகப் பிரியும் சாதாரணப் போர்டே தாராளம், இடைவெளியை மட்டும் அளந்துவிடுங்கள்.

மதுரையிலிருந்து:

அண்ணே, நான் மாட்டிக்கொண்டது பிராசசரில். பழைய எக்ஸ்99 போர்டு ஒன்றை நாலு ஸ்லாட் இருக்கிறதே என்று செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கூடவே 5820கே பிராசசர் வந்தது. மூன்று கார்டு வரை சரி. நாலாவது ஸ்லாட்டில் எதைப் போட்டாலும் உயிரே இல்லை. போர்டு செத்துவிட்டது என்று நினைத்து இரண்டு வாரம் அலைந்தேன். கடைசியில் மேனுவலில் ஒரு சின்ன அட்டவணை. 40 லேன் பிராசசர் போட்டால் நாலு ஸ்லாட்டும் வேலை செய்யும், 28 லேன் போட்டால் ஒன்று அணைந்துவிடும் என்று இருந்தது. 5820கேயில் 28தான். அடுத்த மாடலான 5930கேயைத் தேடிப் பிடித்துப் போட்டேன், அதில் 40. நாலும் எழுந்துவிட்டன. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் போர்டையும் பிராசசரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சேலத்திலிருந்து:

நாலு 1080 டிஐ போட்டபோது மெஷின் பூட் ஆகவே இல்லை. போர்டின் ஓரத்தில் இருக்கும் குட்டித் திரையில் டி4 என்று வந்து நின்றுவிட்டது. ஒரு கார்டைக் கழற்றினால் ஓடும், மறுபடி மாட்டினால் நிற்கும். கார்டுகளுக்கு முகவரி ஒதுக்க இடம் போதவில்லை என்பதற்கான குறியாம் அது. ஒரே கார்டோடு ஏற்றி, பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) ‘அபவ் 4ஜி டிகோடிங்’ என்பதை ஆன் செய்து, பிறகு ஒவ்வொன்றாக மாட்டினேன். சரியாகிவிட்டது. வாங்கும் முன்பே பயாஸ் மேனுவலில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. ஒரு கார்டு ஸ்லாட் வழியாகவே 75 வாட் வரை இழுக்கலாம். நாலு கார்டு என்றால் 300 வாட் போர்டு வழியாகப் போகிறது. நல்ல போர்டுகளில் அதற்கென்று ஸ்லாட்டுகளுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு பவர் கனெக்டர் வைத்திருப்பார்கள். என் போர்டிலும் இருந்தது, அசெம்பிள் செய்தவர் மாட்டாமல் விட்டிருந்தார். போர்டுக்கு மின்சாரம் தரும் 24 பின் கனெக்டரின் ஓரம் பழுப்பேறிய பிறகுதான் கவனித்தேன். தயவுசெய்து அதைக் காலியாக விடாதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து:

போர்டோடு சேர்த்துச் சுவரையும் பாருங்கள் என்பேன். போன வருடம் ஊருக்கு வந்தபோது அண்ணன் மகனுக்கு மூன்று கார்டு மெஷின் அமைத்துக் கொடுத்தேன். 1600 வாட் எஸ்எம்பிஎஸ், அதாவது மெஷினுக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி. அவன் அதைச் சாதாரண 6 ஆம்ப் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் போர்டு வழியாகக் கொடுத்திருந்தான். 230 வோல்ட்டை ஆறால் பெருக்கினால் 1380 வாட். மானிட்டரும் அதிலேயே. ஒரு நீண்ட ரெண்டரில் எக்ஸ்டென்ஷன் உருகி வாடை வந்ததால் தப்பித்தான். இப்போது எலக்ட்ரீஷியனை வைத்து, ஏசிக்கு இழுப்பது போல 16 ஆம்ப் பாயிண்ட் தனியாக இழுத்தாயிற்று.

திருப்பூரிலிருந்து:

சார், என்னிடம் ஒரு ஆர்டிஎக்ஸ் 4090 இருக்கிறது. இன்னொன்று வாங்கி இரண்டையும் ஒரே போர்டில் போட நினைக்கிறேன். 24ம் 24ம் சேர்ந்து 48 ஜிபி கிடைக்குமா? என் பெரிய சீன்கள் 30 ஜிபியைத் தொடுகின்றன.

முதலில் எழுதியவர்:

கிடைக்காது தம்பி. ஒவ்வொரு கார்டிலும் சீனின் முழுப் பிரதி ஒன்று உட்காரும், ஆகவே உங்கள் எல்லை 24 ஜிபியாகவே இருக்கும். 3090இல் இரண்டு கார்டை இணைக்கும் என்விலிங்க் இருந்தது, 4090இல் எடுத்துவிட்டார்கள். 30 ஜிபி சீன் ஓடும், ஆனால் மேலே சொன்னபடி ராமுக்கு வழியும். உங்கள் விஷயத்தில் லேன் முக்கியம். இரண்டாவது ஸ்லாட் சிப்செட் வழியாக நாலு லேனில் ஓடும் போர்டை எடுக்கவே எடுக்காதீர்கள், பிராசசரிலிருந்தே எட்டு எட்டாகப் பிரிவதைப் பாருங்கள்.

அடுத்தது தடிமன். 4090 ஒன்றே 450 வாட், பல மாடல்கள் மூன்றரை இடம் பிடிக்கும். இரண்டு ஸ்லாட்டுக்கும் நடுவில் நாலு இடமாவது இல்லாவிட்டால் மேல் கார்டுக்கு என் 2080 டிஐயின் கதிதான். அப்படிப்பட்ட போர்டு அமையாவிட்டால் இரண்டாவது கார்டு வாங்கும் காசோடு மேலும் சேர்த்து, 48 ஜிபி உள்ள ஒற்றைக் கார்டைப் பார்ப்பது உங்களுக்கு நல்லது என்று நினைக்கிறேன். எந்தப் போர்டு மனதில் இருக்கிறது? மாடலை எழுதுங்கள், உங்கள் கார்டின் தடிமனையும் ஸ்கேல் வைத்து அளந்து சொல்லுங்கள். இன்று ராத்திரி மேனுவலை எடுத்துப் பார்த்துவிடுகிறேன்.