இந்தச் சிறிய கண்ணாடியிழைப் பாய்மரப் படகு எந்த வகையைச் சேர்ந்தது?

அனைவருக்கும் வணக்கம். பெயர்த்தகடோ ஆவணமோ இல்லாமல் என்னிடம் வந்துசேர்ந்த ஒரு சிறிய பாய்மரப் படகை அடையாளம் காண உங்கள் உதவியை நாடுகிறேன். பாயும் அதைத் தாங்கும் மரமும் தொலைந்துவிட்டதால், உடற்கட்டு ஒன்றே சான்றாக எஞ்சியிருக்கிறது.

நீளம் 4.05 மீட்டர், அகலம் 1.52 மீட்டர். அடிப்பகுதியும் மேல்தளமும் தனித்தனி அச்சுகளில் வார்க்கப்பட்டு, வெளிப்புறம் நீட்டிய விளிம்பில் அலுமினிய ரிவெட்டுகளால் இணைக்கப்பட்டு, அதன்மேல் ரப்பர் பட்டை பொருத்தப்பட்டுள்ளது. உட்புறத்தில் தடித்த நெசவு இழையின் கட்டங்கள் பிசினுக்கு அடியில் தெளிவாகத் தெரிகின்றன. கையால் அடுக்கிய வேலை என்பதில் எனக்கு ஐயமில்லை. நடுப்பலகை (படகு பக்கவாட்டில் நகராதபடி நீருக்குள் இறக்கும் பலகை) மேலிருந்து செருகுவதன்று, ஓர் அச்சில் சுழன்று மடங்குவது.

லேசர், சன்ஃபிஷ் ஆகிய இரு பாய்மரப் படகு வகைகளும் ஏறத்தாழ 4.2 மீட்டர் நீளமுள்ளவை என்பதால் முதலில் அவற்றையே நினைத்தேன். ஆனால் அவற்றின் மரம் பக்கக் கம்பிகளின்றி நிற்பது, பலகையும் செருகு வகை. இதிலோ மரத்தைத் தாங்கும் கம்பிகளைக் கட்டுவதற்கான தகடுகள் இருபக்கமும் உள்ளன.

1972 நவம்பர் முதல் அமெரிக்காவில் கட்டப்பட்ட படகுகளின் பின்பலகையில் வலப்புறம் இருக்க வேண்டிய அடையாள எண்ணும் இதில் இல்லை. அவ்விடத்தின் மேற்பூச்சு சுரண்டப்படாமல் பளபளப்பாகவே இருப்பதால், படகு அதற்கு முந்தையதாகவோ வேறு நாட்டில் கட்டப்பட்டதாகவோ இருக்கலாம்.

ரிவெட் விளிம்பும் சுழலும் நடுப்பலகையும் சேர்ந்த படகு எதையேனும் பழுதுபார்த்தவர்கள், அதன் வகைப்பெயரையும் மரத்தின் உயரத்தையும் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.