ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 'தேக்கா' எழுத்தெழுத்தாக வரவேண்டும், கொம்பு தனியே போகிறது: உதவி தேவை

யீஷூன் மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். பாலிடெக்னிக்ல டிசைன் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். இந்தத் தவணைக்கு 40 வினாடி அனிமேஷன் ஒண்ணு செய்யணும். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவோட பழைய மாட்டு வியாபாரத்த எடுத்திருக்கேன். பஃபலோ ரோடு, மலாய்ல எருமைன்னு அர்த்தம் வர்ற கெர்பாவ் ரோடு, மாட்டு வியாபாரி பேர்ல இருக்கிற பெலிலியோஸ் ரோடுன்னு அந்தக் காலம் இன்னும் தெருப் பேர்ல அப்படியே இருக்கு. என் வகுப்புல யாருக்கும் இது தெரியல. அதனால ஒவ்வொரு பலகையும் ஒரு மாடா மாறி நடந்து போற மாதிரி செஞ்சிருக்கேன். படமெல்லாம் ஃபோட்டோஷாப்ல லேயர் லேயரா வரைஞ்சது, அசைவு ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல.

மாடு, வண்டி, தெரு எல்லாம் ஒழுங்கா ஓடுது. தமிழ் எழுத்துலதான் மாட்டிக்கிட்டேன்.

தலைப்பு அந்த வட்டாரத்தோட பேரான 'தேக்கா'. ஃபோட்டோஷாப்ல அத ஒட்டினா கொம்பு த-வுக்குப் பின்னாடி விழுது, புள்ளி க-மேல உட்காராம தனியா நிக்குது. குழுவுல இருக்கிற தோழி வேற ஒரு ஃபான்ட் கொடுத்தா. அவ கணினில அது அழகா இருக்கு, அதே ஃபைல என் லேப்டாப்ல திறந்தா முழுக்க ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியுமா தெரியுது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல ஒவ்வொரு எழுத்தா தோணுற அனிமேட்டர் போட்டா முதல்ல 'த' வருது, அதுக்கப்புறம் கொம்பு அதுக்கு முன்னாடி வந்து குதிக்குது. பார்க்கவே கஷ்டமா இருக்கு.

ஆங்கிலத் தலைப்பு மட்டும் வச்சிடுன்னு சொல்றாங்க. எனக்கு மனசு வரல. அந்தத் தெருவப் பத்தின படத்துல தமிழ் இல்லாம எப்படி? என் பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும், அவங்க அந்தத் தலைப்பப் படிக்கணும். யாராவது வழி சொல்லுங்க.

இரவுப்பணி:

தங்கச்சி, இரண்டு விவரம் வேணும். தோழி கொடுத்த ஃபான்ட்ல அவங்க எந்த விசைப்பலகைல தட்டினாங்க? ஃபோட்டோஷாப்ல நீங்க ஒட்டினது எங்கேருந்து எடுத்தது?

யீஷூன் மாணவி:

அண்ணா, ஒட்டினது கைபேசில நானே தட்டி எனக்கே அனுப்பினது. தோழி அவங்க அப்பா கடை விளம்பரத்துக்குப் பயன்படுத்துற ஃபான்ட்டாம், பாமினின்னு சொன்னா.

இரவுப்பணி:

சரி, அப்போ இது ரெண்டு தனித்தனிப் பிரச்சினை. ஒண்ணா நினைச்சா குழம்பிடும்.

பாமினி யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு, முந்தைய வகை. அதுல கணினிக்குள்ள சேமிக்கப்படுறது ஆங்கில எழுத்துகள்தான், ஃபான்ட் அதுக்கு மேல தமிழ் உருவத்தப் போர்த்திக் காட்டுது. அந்த ஃபான்ட் இல்லாத கணினில போர்வை விலகிடும், உள்ள இருக்கிற ஆங்கில எழுத்து தெரியும். உங்க லேப்டாப்ல நடந்தது அதுதான். அதுல கொம்ப முதல்ல தட்டி அப்புறம் 'த' தட்டுறதால வரிசை மாத்துற வேலையே கிடையாது, அதனால எந்த மென்பொருள்லயும் உடையாம நிக்குது. அச்சுக்கடைகள்ல இன்னும் அது புழங்குறதுக்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனா நீங்க அந்த வழில போகாதீங்க. நாளைக்குத் தலைப்புல ஒரு சொல்ல மாத்தணும்னாலும் தோழியோட கணினிக்குத்தான் போகணும்.

உங்க கைபேசில தட்டினது யூனிகோடு. அதுல 'தே'ங்கிறது முதல்ல த, அடுத்து ஏகாரக் குறி. சேமிப்புல குறி எப்பவும் மெய்க்குப் பின்னாடிதான் இருக்கும். திரைல காட்டும்போது அதை முன்னாடி நகர்த்திப் போடுறது மென்பொருளோட எழுத்து எஞ்சின் வேலை. அந்த எஞ்சின் லத்தீன், கிழக்காசிய முறைல இருந்தா நகர்த்தாது. உங்க ஃபோட்டோஷாப்ல அதுதான் நடக்குது.

ப்ரிஃபரன்ஸஸ் போய் டைப் பகுதியத் திறங்க. ரொம்பப் புதுப் பதிப்பா இல்லன்னா அங்க எழுத்து எஞ்சின் தேர்வு இருக்கும். வேர்ல்ட்-ரெடி லேஅவுட்னு இருந்தா அது. இன்னும் பழைய பதிப்புல மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்னு இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்க. மூடித் திறக்கணும். முக்கியமா, உடைஞ்சு போன பழைய டெக்ஸ்ட் லேயர அப்படியே வச்சுக்கிட்டுப் பார்க்காதீங்க. அதை அழிச்சிட்டு புதுசா ஒரு லேயர் எடுத்து ஒட்டுங்க.

ஃபான்ட்டும் யூனிகோடுத் தமிழ் இருக்கிறதா இருக்கணும். நோட்டோ சான்ஸ் தமிழ், கேடமரன், முக்த மலர், உருண்டையா வேணும்னா பாலூ தம்பி. எல்லாம் திறந்த உரிமம், இலவசம், பள்ளி வேலைக்கு எந்தத் தடையும் இல்ல.

கொம்புக்கால்:

ஃபோட்டோஷாப்புக்கு மேலே சொன்னது சரி. ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலும் டைப் ப்ரிஃபரன்ஸில் சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன் எஞ்சின் உண்டு, அண்மைப் பதிப்புகளில். அதை மாற்றினால் நிற்கும் எழுத்து சரியாகிவிடும். ஆனால் உங்களுக்கு வேண்டியது நிற்கும் எழுத்து அல்ல. எழுத்தெழுத்தாகத் தோன்றும் தலைப்புக்கு டெக்ஸ்ட் அனிமேட்டரை நம்ப வேண்டாம்.

காரணம் இதுதான். 'தேக்கா' நமக்கு மூன்று எழுத்து: தே, க், கா. கணினியின் சேமிப்பில் அது ஆறு குறியீடு: த, ஏகாரக் குறி, க, புள்ளி, க, கால். 'சிராங்கூன்' நமக்கு ஐந்து, அங்கே பத்து. அனிமேட்டரின் ரேஞ்ச் செலக்டர் கேரக்டர்ஸ் என்று எண்ணும்போது நம் கணக்கில் எண்ணுவதில்லை. வேர்ட்ஸ் என்று மாற்றினால் சொல் முழுதாக வரும், உடையாது. அவசரத்துக்கு அது போதும்.

நீங்கள் கேட்டபடி எழுத்தெழுத்தாக வரவேண்டுமானால் இல்லஸ்ட்ரேட்டர் வழியாகப் போங்கள். இந்த வேலையை ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிட்டால் அதற்குப் பிறகு ஃபான்ட், எஞ்சின், வேறு கணினி என்று எந்தப் பயமும் கிடையாது.

இல்லஸ்ட்ரேட்டரின் டைப் ப்ரிஃபரன்ஸில் ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பேனலின் மெனுவில் வேர்ல்ட்-ரெடி கம்போஸரை வையுங்கள். தலைப்பைத் தட்டி, நிதானமாக வாசித்துச் சரிபாருங்கள். பாட்டியிடம் காட்டிச் சரிபார்த்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் இதற்குப் பிறகு அது எழுத்தல்ல, வடிவம். அடுத்து டைப் மெனுவில் கிரியேட் அவுட்லைன்ஸ். இப்போது கொம்பு, த, க, கால் எல்லாம் தனித்தனி வடிவங்களாகப் பிரியும். ஒரு தமிழ் எழுத்துக்கு ஒரு குழு என்று நீங்களே சேர்க்க வேண்டும்: கொம்பும் த-வும் ஒரு குழு, க-வும் அதன் புள்ளியும் ஒரு குழு, க-வும் காலும் ஒரு குழு. பிறகு லேயர்ஸ் பேனலில் ரிலீஸ் டு லேயர்ஸ், சீக்வன்ஸ்.

பலர் தடுமாறுவது இதற்கு அடுத்த இடத்தில். ரிலீஸ் செய்ததும் புதிய லேயர்கள் எல்லாம் பழைய லேயருக்கு உள்ளே துணை லேயர்களாகக் கிடக்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மேல்மட்ட லேயர்களை மட்டுமே தனித்தனியாக எடுக்கும். ஆகவே அவற்றை வெளியே இழுத்துப் போட்டுவிட்டுச் சேமியுங்கள். இறக்குமதி செய்யும்போது கம்போசிஷன், ரிடெய்ன் லேயர் சைஸஸ் என்று கேளுங்கள். ஒவ்வொரு எழுத்தின் அச்சுப் புள்ளியும் அந்தந்த எழுத்தின் நடுவிலேயே இருக்கும், சுழற்றினாலும் பெரிதாக்கினாலும் இடம் மாறாது.

வீட்டுக் கணினியில் இல்லஸ்ட்ரேட்டர் இல்லையென்றால் இங்க்ஸ்கேப் போதும். இலவசம், தமிழை எந்த அமைப்பும் மாற்றாமல் சரியாகக் காட்டும். பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்து, பிடிஎஃப் ஆகச் சேமித்துப் பள்ளியில் திறந்துகொள்ளுங்கள்.

பலகை எழுதியவர்:

வணக்கம்மா. கணினி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. சிராங்கூன் ரோட்டிலும் டன்லப் ஸ்திரீட்டிலும் கடைப் பலகைகளுக்குத் தூரிகையில் எழுதிய ஆள் நான். எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம் என்று வந்தேன்.

மாட்டு வியாபாரக் காலத்தைக் காட்டுகிறாய் என்றால் பலகையில் 'சாலை' என்று இன்றைய லை-யைப் போடாதே. அந்தக் காலத்தில் ண, ல, ள, ன இந்த நான்குக்கும் ஐகாரம் சேரும்போது முன்னால் தனிக்குறி வராது. எழுத்தின் தலையிலேயே துதிக்கை மாதிரி ஒரு வளைவு ஒட்டிக்கொண்டு வரும். ணா, றா, னாவும் கால் இல்லாமல் கீழே சுழித்த வடிவம். பெரியார் 1935இல் குடியரசு இதழில் மாற்றி அச்சடித்தார், தமிழ்நாட்டு அரசு 1978இல்தான் ஆணை போட்டது. நான் தூரிகை பிடிக்கப் பழகியது பழைய வடிவத்தில். 'சிராங்கூன்' என்பதில் இருப்பது இடையின ரா, அதற்கு மாற்றம் கிடையாது, கால் போட்டே எழுதலாம். 'சாலை'யில் மட்டும் பார்த்துக்கொள்.

யூனிகோடில் பழைய லை-க்கு என்று தனி இடம் இல்லை என்று என் மகன் சொல்கிறான். அப்படியானால் நீயே வரைந்துவிடு, நீ வரையத் தெரிந்த பிள்ளைதானே. மாதிரி பார்க்க தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய தமிழ் முரசு இதழ்கள் இருக்கின்றன. செய்திப் பத்தியை விட விளம்பரங்களைப் பார். பெரிய எழுத்தில் வளைவு நன்றாகத் தெரியும்.

இன்னொன்று. எழுத்து தானாக எழுதப்படுவது போலக் காட்டப் போகிறாய் என்றால் கை போகும் வரிசையில் காட்டு. 'தே'க்கு முதலில் கொம்பு, அப்புறம் த. 'க்'குக்கு உடம்பு முடிந்து தூரிகையை எடுத்த பிறகுதான் புள்ளி. 'கா'வுக்கு க முடிந்து கால். புள்ளி முன்னால் வந்தால் எழுதத் தெரிந்தவர் கண்ணுக்கு உடனே உறுத்தும்.

இடைவெளியை இழுக்காதே. ஆங்கிலத் தலைப்புகளில் எழுத்துகளை அகலமாகப் பரப்புகிறார்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. தமிழில் அப்படிப் பரப்பினால் கொம்பு தன் எழுத்தை விட்டு விலகி முந்திய எழுத்தின் காலைப் போலத் தெரிய ஆரம்பிக்கும். வாசிப்பவர் திணறுவார்.

யீஷூன் மாணவி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி! ஃபோட்டோஷாப் சரியாயிடுச்சு. இல்லஸ்ட்ரேட்டர் வழில குழுவாக்கி எடுத்துட்டேன், 'தேக்கா' மூணு எழுத்தா அழகா வருது. அங்கிள், பழைய லை பாட்டிகிட்ட கேட்டேன், அவங்க உடனே ஒரு உறைக்குப் பின்னாடி எழுதிக் காட்டினாங்க. அதையே ஸ்கேன் பண்ணி மேல பென் டூல் வச்சு வரைஞ்சேன்.

நீங்க சொன்ன மாதிரி எழுதுற அசைவும் முயற்சி பண்ணேன். அவுட்லைன்ல, கோட்டக் கொஞ்சம் கொஞ்சமா வளர்த்துக் காட்டுற ட்ரிம் பாத்ஸ் போட்டா ஓரக்கோடுதான் வளருது, தூரிகை போற மாதிரி இல்ல. நடுவுல ஒரு கோடு போட்டு, அதைத் தடிமனாக்கி எழுத்துக்கு மேட்டா, அதாவது கோடு போன இடம் மட்டும் தெரியுற மறைப்பா வச்சேன். அது பரவால்ல. ஆனா க-வுல கோடு தன்னையே குறுக்கா வெட்டுற இடத்துல, இன்னும் எழுதாத பகுதி கொஞ்சம் முன்னாடியே எட்டிப் பாக்குது. அப்புறம் எம்பி4ஆ எடுத்தா பின்னணி கறுப்பா வருது, தோழி அதை அவ வரைஞ்ச தெருக் காட்சி மேல வைக்கணும்.

கொம்புக்கால்:

நடுக்கோடும் ட்ராக் மேட்டும் சரியான வழி, நீங்களே கண்டுபிடித்ததில் மகிழ்ச்சி. எட்டிப் பார்ப்பது மேட் தடிமனாக இருப்பதால். குறுக்கு வெட்டும் இடத்தைத் தாண்டி அது பக்கத்துக் கோட்டையும் திறந்துவிடுகிறது. மேட்டை மெலிதாக்கினால் ஓரம் வெட்டுப்படும், அதனால் அந்தப் பக்கம் போகாதீர்கள். எழுத்தைத்தான் இரண்டாக வெட்ட வேண்டும். லேயரை நகலெடுத்து, முதல் நகலில் மாஸ்க் போட்டு வெட்டும் இடம் வரைக்குமான பகுதியை மட்டும் வையுங்கள், இரண்டாவதில் மிச்சத்தை. ஒவ்வொன்றுக்கும் தனி நடுக்கோடு, தனி ட்ரிம் பாத்ஸ். முதலாவது முடிகிற ஃபிரேமில் இரண்டாவது தொடங்கட்டும். மாஸ்க் ஓரங்கள் இரண்டும் ஒரு பிக்சல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் நடுவே முடி போல ஒரு கோடு தெரியாது.

த, சு, கூ, ன் இவற்றுக்கும் சுழி இருப்பதால் இதே வேலை வரும். கொம்புக்கும் காலுக்கும் பெரும்பாலும் தேவைப்படாது.

இரவுப்பணி:

கறுப்புப் பின்னணிக்கு நான் சொல்றேன். எச்.264 எம்பி4ல ஒளிபுகும் தகவல் சேமிக்க இடமே இல்ல, அதனால எந்த அமைப்பத் தட்டினாலும் வராது. குயிக்டைம்ல ப்ரோரெஸ் 4444 எடுங்க, அவுட்புட் மாட்யூல்ல சானல்ஸ் பகுதில ஆர்ஜிபி பிளஸ் ஆல்ஃபா இருக்கணும். தோழியோட கணினி அதைத் திறக்கலன்னா ஒவ்வொரு ஃபிரேமும் தனிப் படமா வர்ற பிஎன்ஜி சீக்வன்ஸ். 40 வினாடிய வினாடிக்கு 25 ஃபிரேம்ல எடுத்தா 1000 படம் வரும், அதனால தலைப்பு வர்ற பகுதிய மட்டும் எடுத்துத் தனி ஃபோல்டர்ல போட்டுக் கொடுங்க. ஜிஃப் வேண்டாம், அதுல ஒரு பிக்சல் முழுசா தெரியும் இல்லன்னா முழுசா மறையும், நடுநிலை கிடையாது. எழுத்தோட வளைவெல்லாம் பல்லுப் பல்லா போயிடும்.

ஏ3 போஸ்டரும் கேட்டிருப்பாங்களே? அதுக்கும் அனிமேஷன் ஃபைல்லேருந்து படம் பிடிக்காதீங்க. அங்குலத்துக்கு 300 பிக்சல்னா ஏ3க்கு 3508க்கு 4961 வேணும், வீடியோ ஃபிரேம் அவ்வளவு தாங்காது. இல்லஸ்ட்ரேட்டர்ல இருக்கிற அதே வடிவங்கள எடுத்துப் பெருசாக்குங்க.

யீஷூன் மாணவி:

க-வ வெட்டிப் பார்த்தேன், இப்ப எட்டிப் பாக்கல. பிஎன்ஜி தோழிகிட்ட வேலை செய்யுது. போஸ்டர் அடுத்த வாரம்தான், அங்கிள் அதுல 'மாட்டுக் கொட்டகை'ன்னு பழைய பலகை மாதிரி எழுதப் போறேன். கொ-வுல கொம்பும் காலும் ட-வோட உச்சிய விட எவ்வளவு உயரம் போகணும்னு ஒரு அளவு இருக்கா?

பலகை எழுதியவர்:

அளவுகோல் வைத்து எழுதியதில்லை அம்மா. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று சுண்ணாம்புக் கோடு போடுவோம். க, ட எல்லாம் அந்த இரண்டு கோட்டுக்குள். கொம்பும் காலும் அதே மேல்கோட்டில்தான் நிற்கும், தாண்டாது. தாண்டுவது ட்-டின் புள்ளியும் பழைய லை-யின் துதிக்கையும். அதற்கு மேலே இடம் விட்டுத்தான் பலகையின் சட்டம் வரும். 'மாட்டு' என்பதில் டு கீழ்க்கோட்டைத் தாண்டும், அதற்கும் இடம் வை. வரைந்ததும் இங்கே போடு, பார்த்துச் சொல்கிறேன்.