குதிகால் நரம்புக்கு ஷாக் வேவ் வச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?

வெண்ணாத்தங்கரை:
ஊர் மன்னார்குடி பக்கம். அப்பாவுக்கு 56 வயசு, சாகுபடிதான். குதிகாலுக்குப் பின்னாடி மேல ஏறுற தடிச்ச நரம்பு 5 மாசமா வலி, காலையில கட்டில்லேர்ந்து இறங்குனா முதல் பத்தடி செவுத்தப் புடிச்சிட்டுதான் நடக்குறாரு, வரப்புல ஏறி இறங்குனா திரும்ப ஆரம்பிச்சிடுது. டாக்டர் வாரம் ஒண்ணா 3 தடவை ஷாக் வேவ் வைக்கலாம்னாரு. ஷாக்குன்னதும் அப்பா "மோட்டார் கொட்டாயில வாங்குனது பத்தாதா"ன்னு எந்திரிச்சு வந்துட்டாரு. ஜூன் 12 மேட்டூர் தொறந்துட்டா அவரப் புடிக்க முடியாது, அதுக்குள்ள சரியாகுமா?

பிசியோதம்பி:
கரண்ட்டே கெடையாதுன்னு சொல்லுங்க ப்ரோ. அது அழுத்த அலை, 1980ல ஜெர்மனியில கிட்னி கல்ல உடைக்க ஆரம்பிச்ச டெக்னிக்தான். இங்க எதையும் உடைக்கறதுக்கு இல்ல, ஆறாம கெடக்குற தசைநாரத் (நீங்க நரம்புன்னு சொன்னது இதத்தான்) தட்டி உசுப்பி விடுறது. ஒரு தடவைக்கு 2000 தட்டு கிட்ட, பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும். வலிக்கும், சொன்னா வேகத்தக் குறைப்பாங்க. ஆனா இது மட்டும் போதாது. படி விளிம்புல நுனிக்கால்ல எக்கி நின்னு, வலிக்கிற கால் குதிகால மெதுவா கீழ இறக்குற பயிற்சி, 15 தடவை வீதம் 3 ரவுண்டு, காலையும் சாயங்காலமும், 12 வாரம். வலி குதிகால் எலும்பு ஒட்டுற எடத்துலயேன்னா படி விளிம்பு வேணாம், சமதரையில செய்யச் சொல்லுங்க.

குடமுருட்டிக்காரன்:
எனக்கு முழங்கையில வச்சாங்க. டக டக டகன்னு மரங்கொத்தி மாதிரி கொத்தும், மொத தடவை பல்லக் கடிச்சிட்டு இருந்தேன். மூணு வாரம் ஒண்ணும் தெரியல, காசு போச்சேன்னு வீட்ல திட்டு, ரெண்டு மாசம் கழிச்சுதான் குடத்தத் தூக்க முடிஞ்சுது. அதனால நடவுக்குள்ள சரியாகும்னு அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. நடுவுல வலி மாத்திரையும் ஐஸும் வேணாம்னு எங்க டாக்டர் சொன்னாரு, நா கேக்காம ரெண்டு நாள் போட்டுட்டேன், அது வேற கதை.

பிசியோதம்பி:
அந்த எடத்துல ஸ்டீராய்டு ஊசி ஏதும் சமீபத்துல போட்டாரா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஓடுதா?

வெண்ணாத்தங்கரை:
ஊசி இல்ல. மாத்திரை ஓடுது ப்ரோ, ஹார்ட்டுக்கு. அத அந்த டாக்டர் கேக்கவும் இல்ல, நாங்க சொல்லவும் இல்ல.

பிசியோதம்பி:
அப்ப அத மொதல்ல சொல்லுங்க, சீட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க. நீங்களா மாத்திரைய நிறுத்திடாதீங்க.

வெண்ணாத்தங்கரை:
சரி ப்ரோ, திங்கக்கிழமை கூட்டிட்டுப் போறேன். கரண்ட் இல்லன்னு சொல்லிட்டேன், "அப்ப ஏன் ஷாக்குன்னு பேரு"ங்குறாரு.