உப்புக்காற்றும் மின் அடுப்பும்: நம் கடற்கரை வீடுகளில் நடந்தவை

மண்டபத்திலிருந்து

சிலிண்டர் தீர்ந்துபோகும் நேரத்துக்கு இருக்கட்டும் என்று வாங்கிய இண்டக்‌ஷன் அடுப்பு பல வீடுகளில் இப்போது முழுநேர அடுப்பாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் நாலு பர்னரும் ஓவனும் சேர்ந்த பெரிய குக்கிங் ரேஞ்சையே கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். கூட வரும் கையேட்டில் எல்லாம் எழுதியிருக்கிறது, உப்புக்காற்றைப் பற்றி மட்டும் ஒரு வரி கிடையாது. மண்டபத்தில் ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. எந்தத் திசைக் காற்று அடித்தாலும் ஜன்னல் கம்பியைத் தொட்டால் பிசுபிசுக்கும். அதே பிசுபிசுப்பு பிளக்குக்குள்ளும் சாக்கெட்டுக்குள்ளும் அடுப்புக்குள்ளும் போய் உட்காருகிறது. எங்கள் தெருவில் இதனால் கெட்டுப்போன அடுப்புகளைப் பார்த்த பிறகுதான் இதை ஆரம்பிக்கிறேன். உங்கள் வீட்டில் என்ன நடந்தது, எதனால் நடந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம், விஷயம் போதும்.

தேவிபட்டினத்திலிருந்து

ஆடி அமாவாசை அன்று நடந்தது. கடலுக்குள் நவக்கிரகம் நிற்கும் நவபாஷாணத்துக்கு வந்து திதி கொடுக்கும் கூட்டம் விடியுமுன்னே ஆரம்பித்துவிடும். எங்கள் வீட்டிலும் அன்று விருந்தாளிகள், சுத்த சைவம். காலையிலிருந்து இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஓய்வே இல்லை. சாதம், சாம்பார், பாயசம் என்று ஒன்று இறங்க ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.

பத்து மணி வாக்கில் சமையலறையில் மீன் கவிச்சி. மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னைக்குப் போய் யாரு கருவாட்டை எடுத்தது?" என்றார். கருவாட்டுப் பானை பின்கட்டில் மூடியபடியேதான் இருந்தது. பூனை எதையாவது இழுத்துக்கொண்டு வந்ததோ என்று அலமாரிக்கு அடியிலெல்லாம் பார்த்தோம். ஒன்றும் இல்லை. நாத்தனார் மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். அவள்தான் சாக்கெட் பக்கம் மூக்கைக் கொண்டுபோய், "அத்தை, இங்கேர்ந்துதான் வருது" என்றாள்.

மெயினை அணைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினோம். மூன்று பின்களில் ஒன்று மட்டும் கறுத்திருந்தது. அதைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் தேன் நிறமாகி, சின்னச் சின்னக் கொப்புளம் விட்டிருந்தது. சாக்கெட்டின் உள்ளே பித்தளையில் பச்சை பூத்திருந்தது. சாக்கெட்டின் முகப்பில் கை வைக்க முடியாத சூடு. மற்ற நாளாக இருந்தால் அந்தக் கவிச்சியை யாரும் சட்டை செய்திருக்க மாட்டோம். மீன் மணக்காத நாள் எங்கள் வீட்டில் ஏது?

ராமநாதபுரம், வயர்மேன்

அந்தப் பெண் நல்ல காரியம் செய்தாள். சுவிட்ச், சாக்கெட், பிளக் செய்யப் பயன்படும் சில வகைக் கெட்டிப் பிளாஸ்டிக், அளவுக்கு மேல் சூடேறினால் மீன் கவிச்சி மாதிரியே நாறும். வேறு ஊர்களில் "ஏதோ நாறுதே" என்று தேடுவார்கள். நம் கடற்கரையில் அதே நாற்றம் வந்தால் மத்தியானக் குழம்பு என்று நினைத்துவிடுவோம். அதனால் மீன் வாங்காத நாளில் கவிச்சி வந்தால் முதலில் சாக்கெட்டைத்தான் பார்க்க வேண்டும்.

காரணம் இதுதான். 2,000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். மிக்சி, செல்போன் சார்ஜர் செருகும் சின்ன சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. அடுப்புக்கு 16 ஆம்பியர் பெரிய சாக்கெட் வேண்டும், போர்டிலிருந்து தனி லைனும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மல்டி பிளக் எதுவும் கூடாது. சாக்கெட் சரியானதாகவே இருந்தாலும், பித்தளையில் உப்பு ஏறிப் பச்சை பூத்தாலோ ஸ்க்ரூ தளர்ந்தாலோ அந்த இடத்தில் மின்தடை கூடும். தடை கூடினால் சூடு. சூட்டில் உள்ளே இருக்கும் பிடிப்பு இளகும், இளகினால் இன்னும் சூடு. எம்சிபி (கரண்ட் அளவு கூடினால் தானே விழும் சுவிட்ச்) இருக்கிறதே என்று நம்பி இருக்கக் கூடாது. ஓடும் கரண்ட் அளவு கூடவில்லை என்பதால் எம்சிபிக்கு இது தெரியவே தெரியாது. சாக்கெட் எரிந்து கரியானாலும் அது விழாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

சோதிக்கச் சுலபமான வழி உண்டு. அரை மணி நேரம் நன்றாகச் சமைத்த பின் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பின்களைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தால் பரவாயில்லை. விரல் வைக்க முடியாவிட்டால் பிளக்கையும் சாக்கெட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டுவது வேண்டாம். மேல்பூச்சு போய்விட்டால் நம் காற்றில் முன்பைவிட வேகமாகப் பச்சை பிடிக்கும்.

கீழக்கரையிலிருந்து

எங்கள் வீட்டில் வாப்பா துபாயிலிருந்து அனுப்பிய ரேஞ்ச். கண்ணாடி மேல்தளம், நாலு பர்னர், கீழே ஓவன். அங்கேயும் மின்சாரம் இங்கே போலவே 50 ஹெர்ட்ஸ்தான் (நொடிக்கு 50 சுற்று) என்பதால் இங்கே ஒத்துப்போனது. ஜித்தாவிலிருந்து பெரிய காக்கா (அண்ணன்) கொண்டுவந்ததில்தான் சிக்கல். சவூதியில் 60 ஹெர்ட்ஸ். அந்த ஓவனில் இருந்த திருகும் டைமருக்குள் சின்ன மோட்டார். அது இங்கே மெதுவாகச் சுற்றுகிறது. 60 நிமிடம் வைத்தால் 72 நிமிடம் கழித்துத்தான் மணியடிக்கும். பெருநாளைக்கு லாத்தா (அக்கா) வைத்த கேக் இரண்டு தடவை கரிந்த பிறகுதான் காக்கா கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். வாங்கும்போதே பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் வோல்ட்டையும் ஹெர்ட்ஸையும் பார்த்துவிடுங்கள்.

தொதல் என்ற இனிப்பைக் கிண்டும்போது நடந்ததையும் சொல்ல வேண்டும். உம்மா கருப்பட்டிப் பாகை அடுப்பில் வைத்திருந்தார். அது பொங்கிக் கண்ணாடி மேல் வழிந்தது. ஆறட்டும், பிறகு துடைக்கலாம் என்று நான் சொன்னேன். உம்மா கேட்கவில்லை. பர்னரை அணைத்துவிட்டு, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி சூடாக இருக்கும்போதே பிளேடு வைத்த சுரண்டியைச் சாய்த்துப் பிடித்து அப்படியே வழித்தெடுத்தார். உம்மா செய்ததுதான் முறை. பால், குழம்பு சிந்தினால் ஆறவிட்டுத் துடைக்கலாம். சீனி, வெல்லம், கருப்பட்டி சிந்தினால் ஆறவிடக் கூடாது. பாகு இறுகும்போது கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, பிறகு பெயர்க்கும்போது கண்ணாடியிலேயே பொக்கை விழும். பக்கத்து வீட்டு ரேஞ்சில் அப்படி விழுந்த குழிகள் இன்னும் இருக்கின்றன, எத்தனை தேய்த்தும் போகவில்லை.

ஓவனுக்குள் தோசைக்கல், பிளாஸ்டிக் டப்பா எல்லாம் அடுக்கி வைக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. நோன்புக் காலத்தில் அவசரமாக ஓவனைப் போட்ட ஒரு வீட்டில் டப்பா உருகி வீடெல்லாம் புகை. போடுவதற்கு முன் கதவைத் திறந்து பாருங்கள்.

வயர்மேன்

கீழக்கரைக்காரருக்கு ஒரு வார்த்தை. துபாய்ப் பிளக் சதுரப் பின் வைத்தது. கடையில் கிடைக்கும் சின்ன அடாப்டரை மாட்டி அந்த மாதிரி ரேஞ்சை ஓட்டாதீர்கள். நாலு பர்னரும் ஓவனும் ஒன்றாக ஓடினால் 7 கிலோவாட்டுக்கு மேல் போகும், 30 ஆம்பியரைத் தாண்டும். வீட்டில் போடும் சாதாரணப் பிளக் எதுவும் தாங்காது. குறைந்தது 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனி லைன், சுவரில் லைனை முழுதாகத் துண்டிக்கும் தனி ஐசொலேட்டர் சுவிட்ச், ரேஞ்சுக்கு நேரடி இணைப்பு, இப்படித்தான் கொடுக்க வேண்டும். முதலில் மின் வாரியத்தில் கூடுதல் லோடு எழுதிக் கொடுங்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து

எங்களிடம் இருப்பது பழைய காயில் அடுப்பு, அதாவது சுருள் கம்பி பழுத்துச் சூடாகும் வகை, திருகுகிற குமிழ் வைத்தது. ராமேஸ்வரம் தீவில் காற்று பலமாக அடித்தால் கரண்ட் போவது வழக்கம். ஒரு நாள் சாயங்காலம் குழம்பு பாதி கொதிக்கும்போது கரண்ட் போனது. அம்மா சட்டியை இறக்கிக் கேஸ் அடுப்பில் வைத்து முடித்துவிட்டார். சாப்பிட்டுப் படுத்துவிட்டோம். நடுராத்திரியில் கரண்ட் வந்தது. குமிழ் திருகிய இடத்திலேயே இருந்ததால் காயில் தானாகப் பழுத்துவிட்டது. பக்கத்தில் மடித்து வைத்த பிடிதுணி புகைய ஆரம்பித்தது. கடலுக்குப் போக எழுந்த அண்ணன் கண்ணில் பட்டதால் தப்பித்தோம்.

தொடு பொத்தான் வைத்த இண்டக்‌ஷன் அடுப்பு பெரும்பாலும் கரண்ட் திரும்பி வந்தால் அணைந்தே நிற்கும், மறுபடி தொட்டால்தான் ஓடும். காயில் அடுப்புக்கு அந்த அறிவு கிடையாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம்: விளக்கு அணைந்த உடனே குமிழைத் திருப்பி, சுவரில் சுவிட்சையும் அணைக்க வேண்டும். மெழுகுவர்த்தி தேடுவது அப்புறம்.

இன்னொன்று. சீலா மீன் பொரிக்கும்போது எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. சுவிட்சை அணைத்துவிட்டு, சட்டியை நகர்த்தாமல், பெரிய தட்டால் மூடினால் தீ மூச்சுத் திணறி அணையும். மின் அடுப்பில் தீ தெரியாததால் எண்ணெய் எவ்வளவு காய்ந்தது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. எண்ணெயைக் காயவைத்துவிட்டு வாசலுக்குப் போகாதீர்கள்.

தொண்டியிலிருந்து

மண் சட்டி மீன் குழம்பு இண்டக்‌ஷனில் ஏறாது, அடுப்புக்குச் சட்டி இருப்பதே தெரியாது. அலுமினியமும் அப்படித்தான். அடியில் காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் வேண்டும். கண்ணாடிக்கு அடியில் சிவந்து சூடாகும் இன்ஃப்ராரெட் அடுப்பில் மண் சட்டி சூடாகும், ஆனால் அடி சமமாக இல்லாத சட்டி கண்ணாடியைக் கீறிவிடும். மண் சட்டியைக் கேஸுக்கே விட்டுவிட்டோம்.

வீடு பூட்டிக் கிடந்து திறப்பவர்களுக்காக ஒரு கேள்வி. தம்பி குடும்பம் சிங்கப்பூரில். மழைக்காலம் முழுவதும் பூட்டியிருந்த வீட்டைத் திறந்து ஓவனைப் போட்டதும் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தது. மறுபடி தூக்கினால் மறுபடி விழுகிறது. அதை எடுத்துவிட்டு நேராக இணைத்தால் ஓடும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

வயர்மேன்

செய்யவே கூடாது. ஓவனின் ஹீட்டர் கம்பியைச் சுற்றி, உலோகக் குழாய்க்குள், மக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி அடைத்திருப்பார்கள். அது ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் சூடேறாமல் கிடந்தால் ஈரம் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் குழாய்க்குக் கசியும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழ வேண்டும் என்றுதான் ஆர்சிசிபி வைத்திருக்கிறோம், அது தன் வேலையைச் செய்கிறது. ஹீட்டரைக் கழற்றி உலரவைத்து, மீட்டரில் கசிவு போய்விட்டதா என்று பார்த்துவிட்டு மாட்டலாம். போகாவிட்டால் புது ஹீட்டர். ஆர்சிசிபியில் 'டி' என்று எழுதிய பொத்தான் இருக்கும், மாதம் ஒரு முறை அழுத்துங்கள், விழ வேண்டும். உப்புக்காற்றில் அதுவும் உள்ளே இறுகிப்போகும். அழுத்தியும் விழாத ஆர்சிசிபி வெறும் அலங்காரம்.

வாலிநோக்கத்திலிருந்து

அடுப்பின் மேல் இருக்கும் பாத்திரத்தைத் தொட்டால் சுரீர் என்றது. செருப்புப் போட்டுக்கொண்டு சமைக்கலாம் என்று வீட்டில் பழகிவிட்டார்கள். ஊரிலிருந்து வந்த மச்சான் எர்த் குழியைத் தோண்டச் சொன்னார். தோண்டினால் குழாய்க்கும் கம்பிக்கும் நடுவில் இருந்த கிளாம்ப் துருவாகி உதிர்ந்து, கம்பி தனியே மண்ணில் கிடந்தது. மேலே பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரிந்தது. உப்பளம் பக்கத்து மண்ணில் இரும்பு அவ்வளவு சீக்கிரம் கரைகிறது. இப்போது செம்பு போட்டிருக்கிறோம். மேல் பகுதி மணலாக இருப்பதால் கோடையில் குழியில் தண்ணீர் ஊற்றுகிறோம். சுரீர் என்பது நின்றது, ஆனால் அடுப்பில் இருந்த கசிவையும் தனியாகப் பார்த்துச் சரிசெய்தோம். வீட்டில் செருப்புப் போட்டுக்கொண்டு சமைப்பவர்கள் இருந்தால் தயவுசெய்து எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மண்டபத்திலிருந்து

சுத்தம் பற்றி எழுதுகிறேன். பிளக்கைப் பிடுங்கி, அடுப்பு ஆறிய பிறகு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்கிறோம், உடனே உலர்ந்த துணி. இரும்புத் தட்டு வைத்த காயில் அடுப்பில் மெல்லிசாக எண்ணெய் தடவினால் துரு தள்ளிப்போகும். மறுநாள் முதல் சூட்டில் கொஞ்சம் புகை வரும், பயப்பட வேண்டாம். இண்டக்‌ஷன் அடியில் உள்ள விசிறி காற்றை உள்ளே இழுக்கிறது. அதனால் கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேராக வைத்தால் உப்பையும் சேர்த்து இழுக்கும். எங்களுடையதை உள்சுவருக்கு மாற்றினோம். பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். பருத்தித் துணி போதும்.

பனைக்குளத்திலிருந்து

இரண்டு கேள்விகள். கண்ணாடியில் மயிரிழை அளவுக்கு விரிசல், அடுப்பு ஓடுகிறது, பயன்படுத்தலாமா? மாமனாருக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள், வீட்டில் இண்டக்‌ஷன் இருக்கலாமா?

வயர்மேன்

விரிசல் விட்ட கண்ணாடியில் சமைக்கக் கூடாது. பொங்கி வழிவது அந்தக் கீறல் வழியாக உள்ளே மின்சாரம் ஓடும் இடத்துக்குப் போகும். நம் பக்கம் தண்ணீரிலும் உப்பு. சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி, கண்ணாடி மாற்றும்வரை எடுத்து வைத்துவிடுங்கள். பேஸ்மேக்கர் பற்றி வைத்த டாக்டரிடமே கேளுங்கள். பொதுவாகச் சொல்வது, ஓடும் இண்டக்‌ஷன் அடுப்புக்கும் பேஸ்மேக்கருக்கும் நடுவில் 60 சென்டிமீட்டராவது, அதாவது இரண்டு அடி இடைவெளி வேண்டும் என்பது. மாமா வீட்டில் இருப்பதில் தவறில்லை, குனிந்து கிண்டுவது வேண்டாம். அவரே சமைக்கிறவர் என்றால் காயில் அடுப்பு வாங்கிக் கொடுங்கள், அதில் அந்தக் காந்தப்புலம் கிடையாது.