மறு: கரானா (இந்துஸ்தானி இசையில தலைமுறையா வர்ற பாடும் மரபு) – தமிழ்ல என்ன சொல்லலாம்?

> 'குடும்ப இசைமரபு'ன்னே வச்சுடலாமே. இந்தியில 'கர்'னா வீடு, அதுலேர்ந்து வந்ததுதானே கரானா.

வேர் சரிதான் சார், ஆனா அதையே பிடிச்சுக்கிட்டா பாதிப் பாடகர்கள் வெளிய நிப்பாங்க. கிரானாங்கிற கரானாவையே எடுத்துக்குங்க, அதோட பெரிய பாடகர் அப்துல் கரீம் கான்கிட்ட கத்துக்கிட்டவர் சவாய் கந்தர்வா, அவர்கிட்ட கங்குபாய் ஹங்கல், பீம்சேன் ஜோஷி, மூணு பேருமே வடகர்நாடகத்துக்காரங்க, கான் சாகிபுக்கு உறவே கிடையாது. அவரோட சொந்தப் பொண்ணு ஹீராபாய் பரோடேகரோ அதே கிரானாவோட இன்னொரு குரு அப்துல் வஹீத் கான்கிட்ட போய்ப் பாடம் பண்ணவங்க. (கரீம் கான் 1937ல உயிர் விட்டது நம்ம சிங்கப்பெருமாள்கோயில் ஸ்டேஷன்ல, மெட்ராஸ்லேர்ந்து பாண்டிச்சேரி போறப்போ. நிறைய பேருக்குத் தெரியாது.)

> அப்ப 'பாணி'? கர்நாடக சங்கீதத்துல அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பாடினதை அரியக்குடி பாணின்னு சொல்றோமே?

அது ஒரு ஆளோட பாட்டு முறை. கரானான்னு ஒத்துக்க மூணு தலைமுறையாவது தாண்டணும்னு அங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க. அதுவுமில்லாம துருபத்ங்கிற பழைய இந்துஸ்தானி பாட்டு வகையில டாகர் பானின்னு ஒரு மரபு ஏற்கெனவே இருக்கு, ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போய் குழம்பிடும்.

> இசைக்குடி?

எனக்கும் ஆசைதான், ஆனா ஆக்ரா கரானாப் பாடகர் ஃபையாஸ் கானை 'ஆக்ரா குடிக்காரர்'னு எவனாவது சுருக்கி எழுதுவான், வேணாம் சார்.

என் ஓட்டு 'வழி'க்கு. தாய்வழி, குருவழி, ரெண்டுக்கும் இடம் இருக்கு, ரத்தமா பாடமான்னு கேக்காது. பாடுற விதத்தையும் சொல்லும். கிரானாக்காரங்க ஒரு ஸ்வரத்துலயே நின்னு மெதுவா ராகத்தை விரிப்பாங்க, ஆக்ராக்காரங்க நோம், தோம்னு அர்த்தமில்லாத அசைகள வச்சுப் பாடுற ஆலாபனையில ஆரம்பிச்சு பின்னாடி சொல்லைப் பிரிச்சுப் பிரிச்சு தாளத்தோட விளையாடுவாங்க, அந்த வித்தியாசம்தானே கேக்குறவனுக்கு கரானா. கரானாவைச் சேர்ந்தவரைச் சொல்ல கரானேதார்னு ஒரு வார்த்தை இருக்கே, அதுக்கும் 'வழியினர்'னு போட்டுக்கலாம்.

---

ஐயா, 'குவாலியர் வழி'ன்னா பஸ் போர்டு மாதிரி இருக்கே :)

---

ஹாஹா, சரி, 'இசைவழி'ன்னு சேர்த்தே எழுதுவோம். குவாலியர் இசைவழி, பாட்டியாலா இசைவழி. பஸ் நிக்காது.

---

நல்லாத்தான் இருக்கு. ஆனா ஜெய்ப்பூர்-அத்ரௌலி இசைவழின்னு ஒவ்வொரு தடவையும் எழுதினா கை வலிக்கும், அதை ஆரம்பிச்சவர் பேர்ல அல்லாதியா கான் இசைவழின்னு போட்டா ஒத்துக்குவாங்களா? அப்புறம் இந்தூர் கரானான்னு சொல்றாங்களே அமீர் கான் பாட்டை, அவர் தானே உருவாக்கின பாட்டு அது, மூணு தலைமுறைக் கணக்கைப் பிடிச்சா அவரை எங்க வைக்கிறது?