புதுப்பிப்பு: பன்றிக்குட்டிகளின் கழிச்சல், முடிவு வந்துவிட்டது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் வேலை செய்யும் பண்ணையில், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத பன்றிக்குட்டிகள் தண்ணீராகக் கழிந்து சாகின்றன என்று போன வாரம் எழுதியிருந்தேன். ஆய்வு முடிவு வந்துவிட்டது. பிஇடி (PED) என்ற பன்றிக் கழிச்சல் நோய். காரணம், பன்றிகளுக்கு வரும் ஒரு கொரோனா வைரஸ். (பயம் வேண்டாம், மனிதருக்குத் தொற்றாது.)

சிறுகுடலின் குடலுறிஞ்சிகளை (சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற முனைகளை) அந்த வைரஸ் அழித்துவிடுவதால், குடித்த பால் செரிக்காமல் அப்படியே வெளியேறுகிறது. ஒரு வாரத்துக்குட்பட்ட குட்டிகள் நீர் வற்றியே சாகின்றன. பெரிய பன்றிகள் பெரும்பாலும் தேறிவிடும். தவுக்கே (பண்ணை முதலாளி) வாங்கி வைத்த ஆன்டிபயாட்டிக் வீண்தான், வைரஸை அது ஒன்றும் செய்யாது.

இப்போது உப்புக் கரைசல், சூட்டு விளக்கு, தொற்று பரவாமலிருக்கக் கொட்டகைக்கு ஒரு ஜோடி பூட்ஸ். தாய்ப்பன்றிக்கு எதிர்ப்புச் சக்தி ஏறினால் பால் வழியே குட்டிக்குப் போகும். அதற்குச் சில வாரம் ஆகும். அப்புறம், தீவன லாரியை வாசலிலேயே நிறுத்திவிட்டோம். அதுதான் வைரஸைக் கொண்டுவந்தது என்று எனக்குச் சந்தேகம். தவுக்கே ஒத்துக்கொள்ளவில்லை.